தராசு

துஷான்பேயிலிருந்து வந்தவள்
முதல் வாரம் என்னிடம் கேட்டது
ஒரே ஒரு கேள்வி:
இங்கே ஆங்கிலம் எங்கே கிடைக்கும்?

காலாப்பட்டு, பல்கலைக்கழக கேட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன் பதினோரு வருடமாய்.
ஆராய்ச்சி ஆராய்ச்சியாய் ஆங்கிலம்
சூடாக என் கைக்கு வந்து
ஸ்பைரல் போட்டுக்கொண்டு வெளியே போகும்.
ஒரு சொல் தங்கியதில்லை,
கறுப்புப் பொடி மட்டும் நகத்தடியில்.

"ஹியர் ஆல் தமிழ் ஒன்லி" என்றேன்.
அவள் நோட்டை எடுத்து
அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.
அங்கே ஆரம்பித்தது வினை.

மெஹ்ரினிசோ. கடைக்கு மெஹ்ரி.
ஊரில் படித்து வந்த ஆங்கிலம்
அவள் வாயில் இஸ்திரி கலையாமல் இருந்தது.
வாக்கியத்தை மனசுக்குள் முழுசாய்த் தைத்து
பட்டன் சரிபார்த்துத்தான் வெளியே விடுவாள்.
அதற்குள் ஷேர் ஆட்டோ போயிருக்கும்.
அறைத்தோழிகள் அடுத்த கதைக்குப் போயிருப்பார்கள்.
எல்லோரும் சிரித்து முடித்த பிறகு
மூன்று நொடி தள்ளி
தனியாகச் சிரிப்பாள்.

நான்கு மணிக்கு மேல் கூட்டமிருக்காது.
ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேசுவோம்,
இருவருக்கும் சொந்தமில்லாத பாஷையில்.
வாடகை சைக்கிள் அது.
ஒருத்தி மிதிக்க, ஒருத்தி
பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினோம்.
மிதிப்பது யார் என்பது தினம் மாறும்.

கிளம்பும்போது "ஐ கோ அண்ட் கம்" என்பாள்.
பரீட்சைத் தாளிலும் அதையே எழுதியிருக்கிறாள்.
பேராசிரியர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்:
போவதா வருவதா, ஏதாவது ஒன்று.
"யூ டோல்ட்" என்று தாளை என் முன் நீட்டினாள்.
வெறுமனே போகிறேன் என்றால்
எங்கள் வீட்டில் வாயிலேயே போடுவார்கள் என்பதை
எந்த ஆங்கிலத்தில் நான் சொல்ல?
"கோ ஒன்லி, பேட்" என்றேன்.
யோசித்தாள்.
அடுத்த தாளிலும் அதையே எழுதினாள்.

ஒரு ஞாயிறு பிள்ளைச்சாவடிக்கு
சங்கரா வாங்கக் கூட்டிப் போனேன்.
மங்கவரத்தின் எடையில் அவளுக்குச் சந்தேகம்.
"மேடம், தட்... தட்..."
சொல் வரவில்லை.
இரண்டு உள்ளங்கையும் ஏறின, இறங்கின.
என்னைப் பார்த்தாள்.
எனக்கு மட்டும் தெரியுமா?
"இன்னாடி சொல்லுது இது, அஞ்சலாட்சி?
தராசு கொறயுதுங்குதா?"

மெஹ்ரியின் கைகள்
ஏறிய இடத்திலேயே நின்றன.
தராசு?
தராசுதான்.
தரோஸூ! என்று கத்தினாள்,
காக்கைகள் எழும்பின.
"மை மதர் சிட்டிங் பஜார்,
ஆப்ரிகாட், டிரை, டிரை,
சேம் தரோஸூ, சேம், சேம்!"
ஒரு பட்டனும் போடாமல்
முதல்முறையாக ஒரு வாக்கியம்
செருப்பில்லாமல் ஓடி வந்தது.
மங்கவரம் ஒரு மீன் கூடப் போட்டாள்.
எடையில் சேர்க்கவில்லை.

அதற்கு ஆங்கிலத்தில் என்ன,
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.
போனைத் தட்டினால் ஒரு நொடி.
இரண்டு பேருமே தட்டவில்லை.

பேசும் தேர்வில் ஆறு வேண்டியிருந்தது.
ஐந்தரை வந்தது.
மெஷினுக்குப் பின்னால் போய் நின்று
அவள் பாஷையில் அழுதாள்.
அது மட்டும் எனக்குத் தடங்கலில்லாமல் புரிந்தது.

நேற்று மறுபடி விண்ணப்பம்.
இரண்டு பக்கம், இரண்டு ரூபாய்,
வாங்கிக்கொண்டேன்.
வீட்டில் பேசும் மொழி என்று ஒரு கட்டம்.
தாஜிக் என்று நிரப்பினாள்.
பேனாவை மூடாமல்
இன்னும் எதையோ தேடினாள் அந்தத் தாளில்.
ஜெராக்ஸ் கடையில் பேசும் மொழிக்கு
கட்டம் போட்டிருக்கவில்லை.